காலுக்கு எவன் கேஸ் போடுவான்?

எண்ணூர் வட்டாரத்தில் ரோலிங்கிடம் திட்டு வாங்காமல் தாலி கட்டிய மாப்பிள்ளை ஒருவன்கூடக் கிடையாது. கல்யாண வீடியோ எடுப்பவன் அவன். கெட்டிமேளம் முழங்கி, மூன்று முடிச்சும் விழுந்து, ஐயர் அப்பாடா என்று நிமிரும் நேரம் பார்த்துக் கத்துவான்: "மாமு, நெழல் வுழுந்துச்சி. அவுத்துட்டு இன்னொருவாட்டி கட்டு. ரோலிங்!" ஒரு மாமியார் கையில் துடைப்பத்தோடு அவனைத் தேடி அலைந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட ஆசாமி திடீரென்று போராட்டப் படம் எடுக்கக் கிளம்பினான். கழிமுகத்தில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீர் கலந்து, சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்களின் கால்கள் புண்ணாகிக் கிடந்த சமயம். படம் முழுக்கச் சேற்றில் நடக்கும் கால்கள். வசனம் இல்லை, பாட்டு இல்லை, மருந்துக்குக்கூட ஒரு முகம் இல்லை.

"ஏண்டா, ஒரு மூஞ்சியாவது காட்டக் கூடாதா?" என்றேன்.

"மூஞ்சிய காட்னா கம்பெனிக்காரன் அவங்க மேல கேஸ் போடுவான் மாமு. காலுக்கு எவன் கேஸ் போடுவான்?"



திரையிட எவனும் இடம் தரவில்லை. ரோலிங் யோசித்தான். முகத்துவாரக்குப்பத்தில், அப்படி இறால் பிடிக்கிற தேசப்பனின் மகள் கல்யாணம் வந்தது. வீடியோ இவன்தான். மேடைக்குப் பக்கத்தில் பெரிய எல்.இ.டி. திரை. அதில் பெண்ணும் மாப்பிள்ளையும் தெரிய வேண்டும். பிரியாணி பரிமாறும் நேரத்தில் கால்கள் தெரிந்தன. சனம் எலும்பைக் கடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. பந்தியிலிருந்து ஒரு குரல்: "டேய், அது நம்ம தேசப்பன் மாமா காலுடா!" அவ்வளவுதான், ஒரே விசில். ஆளாளுக்கு அண்ணன் கால், மச்சான் கால் என்று எழுந்து நின்று அடையாளம் காட்டினார்கள்.

தேசப்பன் மட்டும் சிரிக்கவில்லை. சம்பந்தி வீட்டார் எதிரில், வெடித்துப் புண்ணான தன் பாதம் ஆள் உயரத்துக்குத் தெரிவதைப் பார்த்தார். பந்தலைவிட்டு வெளியே போய்விட்டார். அன்றோடு ரோலிங்கிடம் பேச்சை நிறுத்தினார்.

அதோடு போயிருந்தால் தேவலை. யாரோ அந்தத் திரையைச் செல்போனில் பிடித்துக் குரூப்பில் போட்டார்கள். ஒரு சேனல்காரன் அதை எடுத்து, தன் முத்திரையைக் குத்தி, சொந்தச் சரக்காக நெட்டில் வெளியிட்டுவிட்டான். இது தெரியாமல் ரோலிங் தன் படத்தை ஏற்றினால், ஏற்றிய கையோடு காணாமல் போகிறது. அடுத்தவன் படைப்பைத் திருடியதாக இவனுக்கே எச்சரிக்கை! நகரத்தில் ஒரு திரைப்பட விழாவுக்குப் படம் தேர்வாகியிருந்தது. அங்கேயும் சேனல் ஆட்சேபம் அனுப்பியது. விழாக்குழு ஒரே கேள்வி கேட்டது: சேனலுக்கு முன்னாலேயே உங்கள் படம் வெளியானதா? எங்கே, எந்தத் தேதியில்? வெள்ளிக்கிழமைக்குள் நிரூபிக்காவிட்டால் படம் கிடையாது.

ஒரிஜினலைக் காட்டலாமே என்கிறீர்களா? மெமரி கார்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போவது அவன் தொழில் முறை. அழித்துவிட்டிருந்தான். கேமராவில் தேதி வைக்கும் பழக்கமும் கிடையாது. ஆக, படம் முதலில் வெளியானது தேசப்பன் மகளின் கல்யாணத்தில்தான் என்று யாராவது சாட்சி சொன்னால்தான் உண்டு. தேசப்பன் வாயைத் திறக்காமல் குப்பத்தில் ஒருவரும் சாட்சி சொல்வதாகவோ, செல்போனைக் காட்டுவதாகவோ இல்லை.

"அவரு காலுல வுழுந்தாவது கேளுடா" என்றேன்.

"வுழுந்துட்டேன் மாமு. கால இழுத்துக்கினாரு."

வெள்ளிக்கிழமை விழாக்குழு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தோம். எதிரே சேனலின் வக்கீல், தேதி போட்ட காகிதங்களோடு. ரோலிங்கிடம் வாயைத் தவிர ஒன்றும் இல்லை, அதுவும் வறண்டு போயிருந்தது. குழுத் தலைவி அம்மா இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு வருஷ உழைப்பு, எவனோ ஒருவன் குத்திய முத்திரையில் போகப்போகிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. "வேற சாட்சி இல்லைன்னா..." என்று அவர் ஆரம்பித்தபோது கதவு திறந்தது.

தேசப்பன். செருப்பை வெளியே விட்டுவிட்டு, பளபளவென்ற வெள்ளை டைல்ஸில் வெறுங்காலோடு வந்து நின்றார்.

"என் பொண்ணு கல்யாணத்தன்னிக்கி இவன் இந்தப் படத்தப் போட்டான் தாயி. ஊரே பாத்துச்சி. என் மானம் போன நாளு, தேதி மறக்குமா?" தேதியைச் சொன்னார். பிறகு வேட்டியைக் கொஞ்சம் தூக்கினார். "டவுட்டுன்னா படத்தப் போட்டுப் பாரு. இந்தக் காலு அவங்க ஆபீஸ்ல எவனுக்காவது கீதா?"

போட்டுப் பார்த்தார்கள். வக்கீல் காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தேசப்பன் ரோலிங் பக்கம் திரும்பினார். "படம் உன்னுதுன்னு சொல்லிட்டேன். காலு யாருதுடா?"

ரோலிங் தலையைக் குனிந்துகொண்டான். அவனை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

விழாவில் படம் ஓடியது. தொடக்கத்தில் புதிதாக ஓர் அட்டை சேர்த்திருந்தான்: "இந்தப் படத்தின் உரிமையாளர்கள்." முதல் பெயர் தேசப்பன். அப்புறம் குப்பத்துப் பெயர்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. கடைசிவரை கண்கொட்டாமல் பார்த்தேன். இத்தனை சண்டை போட்டு மீட்டவன் பெயர் அதில் இல்லை.

"உன் பேரு எங்கடா?" என்று அவன் காதில் கேட்டேன்.

"நான் எங்க மாமு நடந்தேன்? ஓரமா நின்னுகினுதான இருந்தேன்."

அவன் தோளில் கையைப் போட்டேன். படம் முடியும்வரை எடுக்க மனம் வரவில்லை.