ஒரு சொட்டுச் சாயம்

புஷ்பம் வாளிக்குள் கைவிட்டுத் துணியைத் தூக்கினாள். முழங்கை வரை சிவந்திருந்தது.

"அத்தான், இங்க ஓடி வாங்க!"

பாதி சவரம் செய்த முகத்துடன் சண்முகசுந்தரம் கிணற்றடிக்கு ஓடி வந்தான். மனைவியின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்க வெட்டிக்கிட்ட?"

"நான் எங்க வெட்டினேன்? துணிதான் இப்படிக் கக்குது!"

துணி மிஸஸ் ஹாரிஸுடையது. ராஜா அண்ணாமலைபுரத்தில் குடியிருக்கும் அமெரிக்க அம்மாள். சண்முகசுந்தரம் பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக் கடையில் விற்பனையாளன். கடையில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளை அவன் கொண்டுவந்து தர, புஷ்பம் அவற்றைச் சதுரம் சதுரமாக இணைத்து, உள்ளே பஞ்சு பரப்பி, ரஜாய்ப் போர்வை தைப்பாள். இதுவரை தைத்ததெல்லாம் மயிலாப்பூர்க் குழந்தைகளின் தொட்டிலுக்குத்தான் போயிருந்தது. அதில் ஒன்றை யார் வீட்டிலோ பார்த்த மிஸஸ் ஹாரிஸ், டிரைவர் அப்துல் கஃபாரிடம் ஒரு மூட்டைத் துணியைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட கைத்தறிப் பருத்தி.

"பெரிய கட்டிலுக்கு ஒண்ணு தைக்கணும்மா. அவங்க பொண்ணுக்கு ஊர்ல கல்யாணமாம். எடுத்துக்கினு போவணும்னு சொல்லிச்சு" என்று கஃபார் காரிலிருந்து இறங்காமலே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எந்தத் துணியானாலும் நனைத்துக் காயவைக்காமல் புஷ்பம் கத்தரி வைக்கமாட்டாள். தைத்த பிறகு ஒரு துண்டு சுருங்கி, பக்கத்துத் துண்டு சுருங்காமல் நின்றால், ரஜாய் பொரித்த அப்பளம் மாதிரி கோணிக்கொள்ளும். அதற்காக நனைக்கப் போய்த்தான் இந்த வினை.

"வெள்ளைக்காரின்னு பாத்து எவனோ தலையில கட்டிட்டான்" என்றான் சண்முகசுந்தரம், தொழில் தெரிந்தவனின் கோபத்தோடு. "அங்க கல்யாண வீட்டுல படுக்கையெல்லாம் செவப்பாகப் போகுது. மெட்ராஸ்காரன் பூராவும் ஃப்ராடுன்னு பேசுவாங்க. நம்ம ஊரு மானமே போயிரும்."

"ஊரு மானம் கெடக்கட்டும். தைச்சவ யாருன்னு கேட்டா என் பேரைத்தானே சொல்லுவாங்க!"

"அழாத. உப்பைப் போடு. நின்னுரும்."

உப்பைப் போட்டாள். சிவப்பு நின்றது. நீலம் ஆரம்பித்தது. மஞ்சள் கட்டங்கள் எல்லாம் பச்சையாகிவிட்டன.

வீட்டுக்காரர் மனைவி ஜெயலக்ஷ்மி மாமி இதையெல்லாம் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பது மாமிக்கு ஆகாது.

"ஏன்டி புஷ்பம், உப்பைப் போய்ப் போட்டுண்டிருக்கியே! படிகாரத்தைப் பொடி பண்ணிப் போடு. சாயம் கெட்டியாப் பிடிச்சுக்கும். எங்காத்துல எப்பவும் அப்படித்தான்."

"வாளி பத்தாது மாமி."

"தொட்டி எதுக்கு இருக்கு? அதுல ஊறப் போடு."

கிணற்றடிச் சிமெண்டுத் தொட்டியில் படிகாரமும் துணியும் சேர்ந்து ஊறின. புஷ்பம் அடுப்பைக் கவனிக்க உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்து மாமியின் கணவர் வேதாந்தம் வந்தார். பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தவர். தம்முடைய வேஷ்டிகள் அத்தனையையும் கொண்டுவந்து, வழக்கம் போல் அதே தொட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

சற்று நேரத்தில் தெருவே கேட்கும்படி ஒரு குரல் எழுந்தது.

"ஜெயலக்ஷ்மீ! இது என்னடி?"

மாமி ஓடி வந்து பார்த்தாள். "வேஷ்டி."

"என்ன கலர்?"

"ரோஸ்."

"அது எனக்கே தெரியறது. யாரோடது?"

"உங்களோடதுதான். கரையைப் பாருங்கோ."

அன்று சாயந்திரம் நங்கநல்லூரில் அவருடைய சம்பந்தி வீட்டில் கிருகப்பிரவேச விருந்து. இடுப்பில் இருந்த ஒரே வெள்ளை வேஷ்டியில் மதியமே ரசம் கொட்டியிருந்தது. வேறு வழியில்லாமல் ரோஸ் வேஷ்டியோடு கிளம்பினார்.

புஷ்பம் மாமியிடம் மன்னிப்புக் கேட்டாள். "நீங்க சொன்னீங்கன்னுதான் மாமி தொட்டியில..."

"படிகாரத்தைப் போடச் சொன்னேன். எங்காத்துக்காரரோட வேஷ்டியையும் சேர்த்துப் போடச் சொன்னேனா?"

வேதாந்தம் விருந்து முடிந்து திரும்பினார். நாற்காலியில் உட்கார்ந்தார். மாமி மெல்ல, "சம்பந்தி ஏதாவது சொன்னாரா?" என்றாள்.

"எந்தக் கட்சியில சேர்ந்திருக்கேள்னு கேட்டார்."

மறுநாள் சண்முகசுந்தரத்துக்குப் புதிதாக ஒரு யோசனை தோன்றியது.

"கொதிக்க வச்சிருவோம். போற சாயமெல்லாம் ஒரே தடவையில போயிரும். மிச்சம் இருக்கிறது அப்படியே நிக்கும்."

அண்டாவில் கொதிக்க வைத்தார்கள். போகிற சாயமெல்லாம் போயிற்று. மிச்சம் என்று ஒன்றும் நிற்கவில்லை. சுட்ட கத்தரிக்காயைத் தோலோடு பிசைந்தது போன்ற நிறத்தில் துணி வெளியே வந்தது.

"கட்டம் எங்கட்டி?"

"நானும் அதைத்தான் தேடுதேன்."

புஷ்பம் அடுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு தாய் தன் மகள் கல்யாணத்துக்கென்று ஆசையாகக் கொடுத்த துணி. முன்பின் தெரியாதவள் தன்னை நம்பிக் கொடுத்தது.

"உண்மையைச் சொல்லிருவோம் அத்தான்."

"என்னன்னு சொல்ல? 'எங்க ஊர்க்காரன் உங்களை ஏமாத்திட்டான். போதாததுக்கு நாங்க வேற வேகவச்சுட்டோம்'னா?"

நனையாமல் தப்பியிருந்த ஓரத்துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சண்முகசுந்தரம் கிளம்பினான். தியாகராய நகரில் ஒரு கடை விடவில்லை. தன் முதலாளிக்குப் போட்டியான கடையில்கூடத் தலையைக் குனிந்துகொண்டு ஏறினான். கடைசியில் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரியிடம் மில் துணி ஒன்று அகப்பட்டது. அதே சிவப்பு, அதே நீலம், அதே மஞ்சள், அச்சாக அதே கட்டம்.

"சாயம் எப்படி?"

"துணி கிழிஞ்சாலும் கிழியும் சார். சாயம் போவாது."

புஷ்பம் பச்சைத் தண்ணீரில் நனைத்தாள். வெந்நீரில் நனைத்தாள். சோப்புப் போட்டுக் கசக்கினாள். வெள்ளைத் துணியோடு சேர்த்து முறுக்கிப் பார்த்தாள். அலசிய தண்ணீரை எடுத்துக் குடிக்கலாம் போல் இருந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

நிழலில் காயவைத்து, லேசான ஈரத்திலேயே இஸ்திரி போட்டு, இழை பிசகாமல் சதுரங்களாக வெட்டினாள். ஒரு சதுரத்தின் கோடு அடுத்த சதுரத்தின் கோட்டில் போய் நேராகச் சேரும்படி பொருத்திப் பொருத்தித் தைத்தாள். அப்படி ஒரு ரஜாயை அவளே அதற்கு முன் தைத்ததில்லை. வேகவைத்த துணியை, ரோஸ் வேஷ்டிகளுக்கு நஷ்ட ஈடாக, மாமி தரை துடைக்க எடுத்துக்கொண்டுவிட்டாள்.

மிஸஸ் ஹாரிஸ் நேரிலேயே வந்தாள். பாயில் விரித்திருந்த ரஜாயைக் கண்டதும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். தையலை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். "பியூட்டிஃபுல்! பியூட்டிஃபுல்!" என்று புஷ்பத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

பிறகு தண்ணீர் வேண்டும் என்று ஜாடை காட்டினாள். புஷ்பம் பெரிய டம்ளரில் கொண்டுவந்து நீட்டினாள். மிஸஸ் ஹாரிஸ் அதைக் குடிக்கவில்லை. தன் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, ஒரு சிவப்புக் கட்டத்தின் மேல் தேய்க்கத் தொடங்கினாள்.

"விவரமான பொம்பளை. சோதிக்கா!" என்று சண்முகசுந்தரம் மனைவியின் காதில் கிசுகிசுத்தான். "நல்லா சோதிக்கட்டும்."

கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. நீலக் கட்டத்தில் தேய்த்தாள். வெள்ளை. மஞ்சளில் அழுத்தி, உதட்டைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். பளீரென்ற வெள்ளை. புஷ்பத்துக்குப் பெருமை தாங்கவில்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

மிஸஸ் ஹாரிஸின் முகம் மட்டும் சுருங்கிக்கொண்டே போயிற்று. டிரைவரிடம் திரும்பி, குரல் கம்ம, மடமடவென்று எதையோ சொன்னாள். சண்முகசுந்தரத்துக்கு அதில் 'மெட்ராஸ்' என்ற ஒரு வார்த்தைதான் பிடிபட்டது.

"என்ன பாய் சொல்லுதாங்க?" என்று புஷ்பம் பதறினாள். "ஒரு சொட்டுச் சாயம்கூடப் போகாதுன்னு சொல்லுங்க!"

அப்துல் கஃபார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அதாம்மா தகராறே. தொவைக்கத் தொவைக்க கலர் ஒண்ணோட ஒண்ணு கலந்துக்கினே இருந்தாத்தான் அவங்க ஊர்ல அசல் மெட்ராஸ் துணியாம். கட்டாயம் சாயம் போவும்னு கடைக்காரன் சத்தியம் பண்ணித்தான் குடுத்தானாம். 'பாவி, போவாத துணிய என் தலையில கட்டி ஏமாத்திட்டானே'ன்னு அழுவுது!"