பண்டமாற்றுத் துரை

கன்வேயர் பெல்ட்டின் மனசைப் படிக்கத் தெரிந்த ஒரே மனிதப் பிறவி பண்டமாற்றுத் துரைதான் என்று எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன். நெய்வேலி சுரங்கத்தில் நிலக்கரி சுமக்கும் பெல்ட்டுகளைப் பராமரிக்கும் எங்களுக்கு வித்தை கற்றுத்தர, எங்கள் பன்னாட்டுக் கம்பெனி அவரை ஜெர்மனியிலிருந்து அனுப்பியிருந்தது. பனைமர உயரம். மந்தாரக்குப்பம் ஆபீஸ் நிலைப்படியில் தினமும் நெற்றியில் ஓர் இடி வாங்கிக்கொண்டுதான் உள்ளே வருவார்.

மற்ற வெளிநாட்டு நிபுணர்கள் ஏசி அறையில் படம் போட்டுக் காட்டுவார்கள். நாங்கள் பக்தியோடு தூங்குவோம். இவரிடம் அந்த வசதி கிடையாது. நாம் ஒன்று கேட்டால், அவருக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். அப்புறம்தான் பதில்.

பயிற்சி வகுப்பில் வாயே திறக்காத ஃபிட்டர் ஏழுமலை, “கருவாட்டுக் கொழம்பு மறுநாள்தாங்க ருசி” என்று சொல்லிவிட்டு, கியர்பாக்ஸ் முனகலின் ரகசியத்தை வாங்கிப் போனார். அன்றிலிருந்து துரை மேஜை முன்னால் வரிசை.

மேனேஜரான என்னிடம்தான் சரக்கில்லை. செல்போனில் தேடி, “ஆக்டோபஸுக்கு மூணு இதயம் சார்” என்றேன்.

“தெரியும்.”

ஏழுமலை என்னை ஓரங்கட்டினார். “நெட்டுல கெடக்கறது அவருக்குத் தெரியாதா சார்? வூட்டுல நடக்கறத சொல்லுங்க.”

டிவி சீரியல் வில்லியை மனைவியோடு நானும் சேர்ந்து திட்டினால்தான் எனக்கு இரவுச் சாப்பாடு என்பதைச் சொன்னேன். துரை எழுந்து கைகுலுக்கி, அன்று மாலை முழுக்க எனக்கே பாடம் எடுத்தார்.

அவர் ஊர் திரும்பியபின் பொறுப்பு என் தலையில். முதல் பெருமழையிலேயே பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி, நிலக்கரியை வழியெல்லாம் கொட்டியது. “பவர் ஹவுஸுக்குக் கரி நின்னா நீங்கதான் பதில் சொல்லணும்” என்று போனில் சுரங்க அதிகாரி. நான் ஹெல்மெட்டைத் தேடி ஆபீஸையே புரட்டினேன். ஏழுமலை வந்து என் தலையில் தட்டினார். டங்கென்றது.

ஜெர்மனிக்குப் போன் போட்டேன்.

“பெல்ட் ஒதுங்குது சார்.”

எங்களிடம் பொறுக்கிய தமிழில் பதில் வந்தது: “மொதல்ல நீ சொல்லு.”

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “நீங்க இடிச்சுக்குவீங்கள்ல, அந்த நிலைப்படி... அதுல ஏழுமலை ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்காரு சார். நீங்க போனப்புறம். திரும்பி வந்தா வலிக்கக் கூடாதாம்.”



“அது எனக்குத் தெரியாது” என்றார், மெதுவாக. “ஒதுங்குற எடத்தைப் பாக்காத. பெல்ட் அங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு ரோலர் இருக்கும். களிமண்ணு ஒட்டிகினு இருக்கும், பாரு.”

ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. சுரண்டியதும் பெல்ட் நல்ல பிள்ளையாக நேரே ஓடியது.

ஸ்பாஞ்ச் இன்னும் அங்கேயே இருக்கிறது. எங்களில் யாருக்கும் அந்த உயரம் இல்லை.