தண்ணீர் கேட்காத கார்

ஜெர்மனியைக் கண்ணால் காணாமலே அந்த நாட்டைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்த மனிதர் இலங்கையின் ஊவா மாகாணத்தில் ஒரே ஒருவர்தான். ஜெர்மன்காரர் என்று பெயர் வைத்திருந்தோம். நமுனுகுல மலையடியில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேனேஜர் தொரையின் வொக்ஸ்வாகன் ஆமைக் காருக்கு அவர் டிரைவர். பதுளையையும் அப்புத்தளையையும் தாண்டிப் போனதில்லை. கோபம் மட்டும் பெர்லின்வரை போய்த் திரும்பும்.

"காரு எப்படி ஓடுது?" என்று யாராவது கேட்டால் தீர்ந்தது.

"எந்தக் காரு? பின்கண்ணாடி ரெண்டாப் பொளந்து இருந்ததா, முட்டை மாதிரி வந்ததா, அப்புறம் அகலமா வந்ததா? ஆறு வோல்ட்டா, பன்னெண்டா? ஒழுங்காக் கேளுய்யா!"

கேட்டவர் கொழுந்துக் கூடையோடு ஓட்டம் பிடிப்பார்.

வெள்ளைக்காரத் தொரை விட்டுப்போன படப் புத்தகங்களைக் கிழித்து, தொழிலாளர் லயத்தில் தான் குடியிருந்த ஒற்றைக் காம்பிராவின் சுவரில் கோதுமைமாப் பசையால் வரிசையாக ஒட்டியிருந்தார். முதலில் ஆமைக் கார், பிறகு பெட்டி வேன், அப்புறம் அவற்றின் தம்பியான ஆயிரத்தைந்நூறு என்ற கார். சாமிப்படத்துக்குக் கதவுக்குப் பின்னால்தான் இடம். ஒருநாள் பத்திரிகையில் அதே கம்பெனியின் புதுக் கார் படம் வந்தது: முன்னால் எஞ்சின், அதைக் குளிர்விக்கத் தண்ணீர். மனிதர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னைப் பிடித்துத் திட்டினார், அந்தக் காரை நான்தான் செய்து அனுப்பியதுபோல.

"காத்துல குளிருற எஞ்சினுய்யா! அப்புத்தளை ஏத்தத்துல மத்த காரெல்லாம் வாயத் தெறந்து ஆவி விட்டுக்கிட்டு நிக்கும். நம்மாளு சொட்டுத் தண்ணி கேக்காம போவான். இவனுங்களுக்கு ஏன் இந்தப் புத்தி?"

பிறகு தோட்டங்களை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. கொழும்பிலிருந்து புதுத் தொரை வந்தார்; கூடவே ஒரு கொப்பியும் வந்தது. தினமும் காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது, வண்டிக்குத் தண்ணீர் ஊற்றியதாக ஒவ்வொரு டிரைவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். லொறிக்காரர் போட்டார். டிராக்டர்காரர் போட்டார். ஜெர்மன்காரர் கொப்பியை எறிந்தார்.

"எங்கய்யா ஊத்தச் சொல்றீங்க? சீட்டுலயா?"

"சும்மா ஒரு கையெழுத்துதானப்பா," என்றார் பெரிய கிளாக்கர்.

"சும்மான்னு சொல்லித்தான் எங்கண்ணன்கிட்ட கைநாட்டு வாங்கினீங்க! குடியுரிமைப் பாரத்துல என்ன எழுதியிருக்குன்னு அவன் கேக்கல. புள்ளகுட்டியோட ரயிலேத்திக் கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்பிட்டானுங்க. பொய்க்குக் கீழ நான் பேரு எழுத மாட்டேன்."

பெரிய கிளாக்கர் குனிந்து கொப்பியைப் பொறுக்கினார். ஆபீஸ் ஜன்னலில் பனி அப்பிக் கிடந்தது. ஒரு கட்டைவிரல் மைக்குள் எத்தனை லயங்கள் மூழ்கின அந்த மலையில்! இதை எழுதும்போதும் எனக்குப் பல் நறநறக்கிறது.

மாத முடிவுக்குள் கையெழுத்து வராவிட்டால் வேலையும் இல்லை, காம்பிராவும் இல்லை என்று தொரை சொல்லிவிட்டார். நான் சின்னக் கிளாக்கர். வேலைக்கு வந்து ஆறு மாதம். கொப்பி இருப்பது என் மேசையில். இந்த மனிதர் பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்பதை நினைத்தேன். அவர் பேரை நானே எழுதினேன். ஒருநாள் அல்ல, தினமும்.

பெரிய கிளாக்கர் வாய் சும்மா இருக்குமா? "இப்பத்தான் ஒனக்குப் புத்தி வந்திருக்கு" என்று வழியில் ஜெர்மன்காரரைப் பாராட்டிவிட்டார். அடுத்த நிமிடம் ஆபீஸ் கதவு சுவரில் மோதியது.

"எவன்யா எம்பேர எழுதினது?"

அறையில் நான் மட்டும். என் முகமே காட்டிக்கொடுத்தது.

"நீங்களா? படிச்ச புள்ள நீங்களுமா கிளாக்கரய்யா?"

உள்ளறையிலிருந்து தொரை வந்தார். கொப்பியை விரித்தார். "என்ன சத்தம்? இது உன் கையெழுத்துதானே?"

கள்ளக் கையெழுத்துப் போட்ட கிளாக்கருக்கு அன்றே சீட்டுக் கிழியும். என் வேலையை நம்பி வீட்டில் ஐந்து வயிறு. ஜெர்மன்காரர் என்னைப் பார்த்தார். அவர் பல் அரைபட்டது.

"என்னோடதுதாங்க தொரைங்களே."

"அப்ப ஏன் கத்துற?"

"எழுத்து கோணலா விழுந்திருச்சுங்க. அந்தக் கோவங்க."

தொரை சிரித்துக்கொண்டே போனார். ஜெர்மன்காரர் என்னை வெளியே இழுத்துப்போனார்.

"இருவது வருசமா அந்த வண்டியப் பத்தி ஒரு வார்த்தை பொய் சொன்னதில்லடா. இன்னிக்குச் சொல்ல வச்சுட்டியேடா!"

கிளாக்கரய்யா 'டா' ஆனது அன்றுதான். நாளைக்கும் நான் அவர் பேரை எழுதித் தொலைப்பேன் என்று அவருக்குத் தெரியும். மறுநாள் பெரட்டில் கார்ச் சாவியைக் கொடுத்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தேயிலை மலை வேலைக்கு ஏறினார். புது டிரைவர், ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்காத காருக்குத் தினமும் தண்ணீர் ஊற்றியதாகக் கையெழுத்துப் போட்டார். எல்லோருக்கும் நிம்மதி. தூ!

அதன் பிறகு சாகும்வரை அவர் என்னோடு பேசவில்லை. ஆபீசுக்கு நான் போகும் வழியில் மண் வெட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து ஒரு முறை முறைப்பார், அவ்வளவுதான். மழை கொட்டி ஆட்கள் மலைக்கு ஏறாத நாட்களில், அந்த முறைப்புக் கிடைக்காமல், எனக்கு ஆபீசில் ஒரு வேலையும் ஓடாது.