கரி சாரின் உமி பாட்டில்

கண்ணில் பட்டதையெல்லாம் கரியாக்கிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவரோடு குரோம்பேட்டை பக்கம் அஸ்தினாபுரத்தில், ஒரே மாடி போர்ஷனில் மூன்று வருஷம் குப்பை கொட்டியவன் நான். பெயரெல்லாம் எதற்கு? தெருவுக்கே அவர் கரி சார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரீசார்ஜ் செய்யும் லித்தியம் பாட்டரிக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆனோடு செய்துகொண்டிருந்தார். "ஆனோடுன்னா என்ன சார்?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"நம்ம போர்ஷன் மாதிரிதான். சார்ஜ் ஏத்தினா லித்தியம் குடிவரும், இறக்கினா காலி பண்ணும். வரப்போ போறப்போ சுவர் விரிசல் விடக்கூடாது. அப்படி ஒரு வீட்டைக் கரியில கட்டணும்."

அந்தக் கரிக்காக அவர் படுத்திய பாடு கொஞ்சமில்லை. குன்றத்தூர் மலைக்குச் சாமி கும்பிடப் போனால் சிதறுகாய் ஓட்டோடு வருவார். தாம்பரம் ஸ்டேஷன் கடலைக்காரரே அரண்டுபோனார்.

"இன்னா சார், கடலைய உட்டுட்டு தோலைக் கேட்டுகினு கீறே?"

"கடலையை நீங்களே சாப்பிடுங்க. எனக்குத் தோல்தான் வேலைக்காகும்."

பலாப்பழம் வாங்கினால் சுளை எங்களுக்கு, தோல் சாரோடு ஆபீஸுக்கு. மின்சார ரயிலில் அவர் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருக்கும்.

ஆபீஸ் உலையில் எல்லாம் கரியாயின, எதுவும் தேறவில்லை. கடைசியில் நெல் உமி தேறியது. எத்தனை தடவை சார்ஜ் ஏற்றி இறக்கினாலும் சுவர் நின்றது. அதற்குள் மேலிடத்துக்குப் பொறுமை போய்விட்டது. திங்கள் காலை பத்து மணிக்குக் கமிட்டி. சாம்பிளைக் காட்டாவிட்டால் ப்ராஜெக்டை இழுத்து மூடிவிடுவார்கள். உலையும் பழுதாகிவிட்டதால் மிஞ்சியது ஒரே ஒரு பாட்டில் கரி. ஞாயிற்றுக்கிழமை அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, புது வேஷ்டியைக் கிழித்து, மாவாகச் சலித்தார். சலித்த களைப்பில் பாட்டிலைக் குழாயடித் திட்டிலேயே வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

நான் திருவாரூர்க்காரன். ஊரிலிருந்து உமிக்கரி வரவழைத்துத்தான் பல் தேய்ப்பேன். திங்கள் காலை அரைத்தூக்கத்தில் ஈரக்கையை பாட்டிலுக்குள் விட்டு அள்ளினேன். அவ்வளவு நைஸான உமிக்கரியை ஜென்மத்தில் கண்டதில்லை. ஆனந்தமாகத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மிச்சத்தில் குழாய்த் தண்ணீரும் இறங்கிவிட்டது.

சார் வந்தார். பாட்டிலை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் வாயையே பார்த்தார்.

"முழுங்கினியா?"

"கொஞ்சம் போயிருக்கும் சார். ஏன்?"

"காஸ்டிக் சோடாவுல வேகவெச்சது. கழுவினேன்... நல்லாத்தான் கழுவினேன்னு நினைக்கிறேன். நீ சட்டையைப் போடு."

குரோம்பேட்டை டாக்டரிடம் ஒரே கூட்டம். மணி ஒன்பதரை. "நீங்க கமிட்டிக்குப் போங்க சார், நான் பார்த்துக்கறேன்" என்றேன், கறுத்த பல்லோடு.

"பேசாம உட்காரு" என்று டோக்கனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பதினொன்றரைக்கு டாக்டர் என் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஒண்ணுமில்லை, கொப்பளிச்சுட்டுப் போங்க. பல்லு ரொம்ப சுத்தமா இருக்கு" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் சார் ஸ்டேஷனுக்கு ஓடினார்.

சாயங்காலம் திரும்பிவந்தார். ப்ராஜெக்டை மூடிவிட்டார்கள். சாம்பிள் என்னாயிற்று என்று கேட்டதற்கு, தன்னுடைய கவனக்குறைவு என்று கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். என் பேச்சையே எடுக்கவில்லை. அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "பல்லு கூசுதா?" என்று கேட்டார்.

"இல்லை சார்" என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.