லோகாம்பாள் 125 கே.வி.ஏ.

ஒரு நிறுவனம் நல்லபடியாக நடக்க ஓர் உண்மை போதும். அதற்கு மேல் வைத்துக்கொண்டால் பராமரிப்பது கஷ்டம். இந்தத் தெளிவு அம்பலவாணனுக்குச் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில், மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக் காபிக்கும் நடுவே நடந்த கருத்தரங்கில் பிறந்தது.

காரைக்கால் வட்டாரத்தில், பட்டினச்சேரிக்குப் பக்கத்தில் அவருக்கு ஓர் ஐஸ் கம்பெனி இருந்தது. படகுகளுக்கு ஐஸ் கட்டி, இறால் வியாபாரிகளுக்குக் குளிர்கிடங்கு. சம்பளத்துக்கு ஒரு சாஃப்ட்வேர், விற்பனைக்கு ஒன்று, மிஷின் பராமரிப்புக்கு ஒன்று, வாசலில் கைரேகை வாங்க ஒன்று என்று அவ்வப்போது சொந்தக்காரர்கள் சிபாரிசில் வாங்கிப் போட்டிருந்தார். அவற்றுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஒன்றில் பட்டினச்சேரி, அடுத்ததில் பட்டணஞ்சேரி. மூன்றாவதில் அந்த ஊர் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கே குடிபோயிருந்தது. மூன்றாவதை நம்பி ஒருமுறை ஐஸ் ஏற்றிக்கொண்டு கிளம்பிய வண்டி, தண்ணீர் லாரியாகத் திரும்பி வந்தது.

ஆகவே மாறன் வேலைக்கு வந்தார். கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘தரவு ஆளுநர்’ என்று போட்டிருந்தது. புதுச்சேரியில் ஓர் ஆளுநர் இருப்பது போதாதென்று காரைக்காலுக்குத் தனியாக அனுப்பிவிட்டார்களோ என்று வாசல் காவலர் பூமிநாதன் பயந்துபோய் சல்யூட் வைத்தார். அன்றிலிருந்து மாறன் தினமும் அதை எதிர்பார்க்க ஆரம்பித்தார்.

அவருடைய திட்டத்துக்கு ‘ஒரே உண்மை’ என்று பெயர். ஆளோ, ஊரோ, மிஷினோ, எதுவானாலும் அதைப் பற்றிய விவரம் ஒரே இடத்தில் இருக்கும். அங்கிருந்து எல்லா சாஃப்ட்வேருக்கும் தானாகவே பாயும். ஒரே மாதிரி இரண்டு பதிவுகள் இருந்தால் கம்ப்யூட்டரே அவற்றை ஒன்றாக்கிவிடும். அப்படி ஒன்றானதற்குத் தங்கப் பதிவு என்று பெயர். கூட்டம் போட்டு இதையெல்லாம் விளக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். லோகாம்பாளும் தட்டினாள்.

லோகாம்பாள் குரும்பகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். எந்தப் படகுக்கு எவ்வளவு ஐஸ், யாருக்கு முதலில் என்று பார்த்து அனுப்புகிற வேலை. கரையில் நிற்கிற ஆளுக்கு ஆபீஸ் ஜன்னலிலிருந்தே பதில் சொல்வாள். போன் தேவைப்படாது.

அதே பெயரில் கம்பெனியில் இன்னொன்றும் இருந்தது. கரண்ட் போனால் கம்பெனியைக் காப்பாற்றுகிற, 125 கே.வி.ஏ. சக்தியுள்ள டீசல் ஜெனரேட்டர். அம்பலவாணன் காலமான தன் தாயார் பெயரை அதற்கு வைத்து, வெள்ளிக்கிழமை தோறும் குங்குமமும் வைத்து வந்தார். அது வந்து இறங்கிய அதே மாதத்தில்தான் லோகாம்பாளும் வேலைக்குச் சேர்ந்தாள். அதைச் சொல்லி அந்தக் காலத்தில் கேலி செய்தார்கள், பிறகு மறந்துபோனார்கள். கம்ப்யூட்டர் மறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை வாசலில் கட்டைவிரலை வைத்தாள். ‘வணக்கம், லோகாம்பாள் 125 கே.வி.ஏ. டீசல் குறைவாக உள்ளது’ என்று திரையில் வந்தது. ஏதோ கோளாறு என்று உள்ளே போனாள். போனில் செய்தி வந்தது: ‘அன்புடையீர், தங்கள் ஆயில் மாற்றும் தேதி கடந்துவிட்டது. ஆவன செய்யவும்.’ ஜெனரேட்டர் கொட்டகையில் போய்ப் பார்த்தால், அதன் நெற்றியில் குங்குமத்துக்குக் கீழே புது அடையாள அட்டை தொங்கியது. அட்டையில் இவள் போட்டோ. பக்கத்தில் மகளிர் தின வாழ்த்து மடலும் ஒரு சாக்லேட்டும்.

நேராக மாறனிடம் போனாள்.

“சார், நான் மனுஷி சார்.”

“இல்லைன்னு நான் சொல்லலையேம்மா. ஆனா அது உங்க பக்கத்து உண்மை. நம்ம கம்பெனியில இப்ப ஒண்ணுதான் இருக்கு.”

கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். பெயர் ஒன்று. இடம் ஒன்று. சேர்ந்த மாதம் ஒன்று. குறிப்பு என்ற இடத்தில் இரண்டுக்கும் ஒரே வாசகம்: ‘சத்தம் அதிகம்.’ ஜெனரேட்டருக்கு அதை எழுதியது எலக்ட்ரீஷியன் அஜ்மீர். இவளுக்கு எழுதியது யார் என்று தெரியவில்லை.

“கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் அமையாதும்மா” என்றார் மாறன்.

திருத்த வழியே இல்லையா என்று கேட்டாள். தாராளமாக இருக்கிறது என்றார். சம்பந்தப்பட்டவரே விண்ணப்பிக்க வேண்டும்; அவர் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும்; அதைப் போட்டால் போதும். எண் வந்தது. ஆனால் இவள் போனுக்கு வரவில்லை. ஜெனரேட்டர் பழுதானால் எச்சரிக்கை அனுப்புவதற்காக அதற்குள்ளும் ஒரு சிம் கார்டு உண்டு. நினைவூட்டல்கள் இவள் போனுக்கு, ரகசிய எண் அதற்கு என்று கம்ப்யூட்டர் பங்கு பிரித்துவிட்டிருந்தது.

அஜ்மீர் நல்ல பிள்ளை. இரு அக்கா, எடுத்துத் தருகிறேன் என்று ஸ்பானரோடு போய் ஜெனரேட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். மூடி கழன்ற தகவல் கம்ப்யூட்டருக்குப் போனது. மறுநாளே அவனுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது: பணி நேரத்தில், பெண் ஊழியர் ஒருவர் மீது, அவரது சம்மதமின்றி, ஸ்பானரைப் பிரயோகித்தது ஏன்? விசாரணை முடியும்வரை அவர் அருகில் தனியாகச் செல்லக் கூடாது. அஜ்மீர் அந்தக் காகிதத்தை மனைவி கண்ணில் படாமல் டூல் பெட்டிக்கு அடியில் போட்டுப் பூட்டினான். ரகசிய எண் காலாவதியானது.

இதற்குள் பராமரிப்பு சாஃப்ட்வேர் தன் கடமையைச் செய்ய ஆரம்பித்திருந்தது. தினமும் காலையில் லோகாம்பாளைப் பரிசோதித்துப் பதிவு செய்ய வேண்டும். ஜெனரேட்டர் கிட்டே போகத்தான் அஜ்மீருக்குத் தடை. இவள் கிட்டே வரத் தடையில்லை. கூச்சத்தோடு வந்து நின்று கேட்டான்.

“அக்கா, சூடு இருக்கா?”

“இல்ல தம்பி.”

“அதிர்வு? கசிவு? வழக்கத்துக்கு மாறா ஏதாச்சும் சத்தம்?”

லோகாம்பாள் சிரிக்கத்தான் நினைத்தாள். சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷத்தில் இந்தக் கம்பெனியில் யாரும் அவளிடம் இப்படி எதுவும் கேட்டதில்லை. இடது முட்டியில் சத்தம் வருகிறது, மாடிப்படி ஏறினால் அதிகம் என்றாள். அவன் எழுதிக்கொண்டான். பத்து நிமிஷத்தில் அனுமதி வந்தது: ‘இடது மூட்டு. உடனடிப் பழுது நீக்கம். மாடிக்கு ஏற்ற வேண்டுமானால் கிரேன் பயன்படுத்தவும்.’

அதன்பின் அவளுடைய நாட்கள் மாறின. தொடர்ந்து ஓடவிடக் கூடாது, நடுவே நிறுத்தி ஆறவிட வேண்டும் என்று விதி. ஆறினாள். வெயில் படாத இடத்தில், காற்றோட்டமாக வைக்க வேண்டும் என்று விதி. அவள் மேஜையை ஜன்னல் ஓரம் போட்டு மேலே ஃபேன் மாட்டினார்கள். அங்கீகரிக்கப்படாத நபர்கள் கையாளக் கூடாது என்று எழுதித் தொங்கவிட்டார்கள். படகுக்காரர்கள் மேஜையைத் தட்டி அவசரப்படுத்துவது நின்றது. முட்டிவலிக்குக் காரைக்கால் டாக்டரிடம் போய் வந்த செலவு, உதிரிபாகக் கணக்கில் ஒரு கேள்வியும் இல்லாமல் கிடைத்தது. நல்ல மிஷினாக இருப்பது எப்படி என்று லோகாம்பாள் மெல்லப் பழகிக்கொண்டாள். முகம்கூடத் தெளிந்துவிட்டது என்று பஸ்ஸில் சொன்னார்கள்.

ஜெனரேட்டரும் சும்மா இருக்கவில்லை. ‘இனிய முறையில் உரையாடுதல்’ என்ற ஆன்லைன் பயிற்சிக்கு அதன் பெயர் போய், அதன் எதிரே ஒரு கேமராவை வைத்தார்கள். ஒருமுறைகூடக் குறுக்கே பேசாமல் கேட்டது என்று முதல் மதிப்பெண் வந்தது. தலைமைப் பண்பு உள்ளவர் என்று கண்டறியப்பட்டு உதவி மேலாளராகப் பதவி உயர்வு பெற்றது. அதனிடம் லீவு கேட்டு எழுதினால் மறுப்பு வராது. மூன்று நாளில் மறுப்பு வராவிட்டால் அனுமதித்ததாக அர்த்தம். இப்படியொரு மேலாளரைப் பார்த்ததே இல்லை என்று ஊழியர்கள் மனமார வாழ்த்தினார்கள்.

இந்த நல்ல ஏற்பாடு அம்பலவாணன் கண்ணில் ஒருநாள் பட்டது. கரையில் படகுகள் காத்து நிற்க, லோகாம்பாள் ஃபேனுக்கு அடியில் ஆறிக்கொண்டிருந்தாள். மாறனைக் கூப்பிட்டு, இரண்டையும் உடனே பிரிக்கச் சொன்னார். பிரிக்க முடியாது, பிரித்தால் உண்மை இரண்டாகிவிடும் என்றார் மாறன்.

“அப்ப அம்மா பேருள்ள மிஷின் இருக்கட்டும். இந்தம்மாவை அனுப்பிடுங்க.”

அதற்கு விதியில் இடமிருந்தது. மிஷினின் ஆயுள்காலம் முடிந்துவிட்டதால் அதைக் கழித்துவிடலாம். முதலாளி படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காம்பவுண்டு சுவரில் அறிவிப்பு ஒட்டியாயிற்று: ‘லோகாம்பாள், ஒன்று, உள்ளது உள்ளபடி, இருக்குமிடத்திலேயே ஏலத்தில் விடப்படும். பயன்படுத்தப்பட்டது. இடது மூட்டு பழுது நீக்கப்பட்டது. எடுத்துச் செல்லும் செலவு ஏலதாரரைச் சேர்ந்தது.’

போகிற வருகிறவர்களெல்லாம் நின்று படித்தார்கள். லோகாம்பாளும் படித்தாள். மிஷின் ஆக்கியபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. பழைய மிஷின் என்றதுதான் வலித்தது. பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்து, எங்கே பொருள் என்று கேட்டார். அவளைக் காட்டினார்கள். அவர் வெட்கப்பட்டுப் போய்விட்டார்.

நாகூரில் ஐஸ் கம்பெனி வைத்திருந்த நஸ்ருதீன் மட்டும் போகவில்லை. துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். காகிதங்களை முழுசாகப் படிக்கிற பழக்கம் அங்கே வந்திருந்தது. அறிவிப்பை மூன்று தடவை படித்துவிட்டு லோகாம்பாளிடம் வந்தார்.

“ஏலமெல்லாம் காகிதத்துக்குத்தான் அக்கா. நான் உங்களை வேலைக்குக் கூப்பிடுறேன். இஷ்டம் இருந்தா சொல்லுங்க, இல்லைன்னா நான் கேக்கவே மாட்டேன்.”

“அங்க காலையில வந்து கேப்பாங்களா?” என்றாள் லோகாம்பாள்.

“என்னத்தை?”

அவள் விளக்கினாள். இன்ஷா அல்லாஹ், நானே வந்து கேட்கிறேன் என்றார் நஸ்ருதீன்.

ஏலத்தில் அவர் ஒருவர்தான் கேட்டார். கிடைத்தது. அடுத்த நாள் ஒரு டிரெய்லர் லாரியும் கிரேனும் வந்து நின்றன. லோகாம்பாள் கைப்பையோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கிரேன் நேரே கொட்டகைக்குப் போய் ஜெனரேட்டரைத் தூக்கியது.

அம்பலவாணன் ஓடி வந்தார். நஸ்ருதீன் ரசீதை நீட்டினார். லோகாம்பாள், ஒன்று, உள்ளது உள்ளபடி. முதலாளி மாறனைப் பார்த்தார்.

“சார், ரெண்டும் ஒண்ணுதானே” என்றார் மாறன், கொஞ்சம் பெருமையாகவே.

தாயார் பெயர் எழுதிய ஜெனரேட்டர், குங்குமமும் அடையாள அட்டையுமாக, உதவி மேலாளர் பதவியுடன் வாஞ்சூர் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போயிற்று. முன் சீட்டில் இருந்த லோகாம்பாள் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. காற்றோட்டம் நன்றாக இருந்தது. அன்று பிற்பகலே கரண்ட் போனது. சாயந்திரத்துக்குள் ஐஸ் கம்பெனி வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். அம்பலவாணன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் நின்றார்.

அடுத்த வாரம் மாறன் மேஜையில் மனுக்கள் குவிந்தன. பூமிநாதன் தன்னை எடைமேடையோடு இணைக்கும்படி கேட்டிருந்தார். சுமை தூக்குகிறவர்கள் கூட்டாகக் கையெழுத்திட்டு ஐஸ் உடைக்கும் மிஷினைக் கேட்டார்கள். கணக்கர் பிரின்டருக்கு ஆசைப்பட்டார். அதுதான் மாதத்தில் பாதி நாள் ரிப்பேர். எல்லாவற்றுக்கும் அடியில் பெயர் போடாமல் ஒரு மனு இருந்தது. எதோடு இணைத்தாலும் சரி, காலையில் யாராவது வந்து சூடு இருக்கிறதா என்று கேட்டால் போதும் என்று எழுதியிருந்தது. எழுத்து முதலாளியுடையது.

மாறன் எல்லா மனுக்களையும் பொறுமையாகப் படித்தார். பிறகு சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: ‘இணைப்பு கோரும் மனுக்கள் மூப்பு அடிப்படையில் பரிசீலிக்கப்படும். ஏ.சி.க்கு மட்டும் யாரும் விண்ணப்பிக்க வேண்டாம். அது ஏற்கெனவே தரவு ஆளுநருடன் இணைக்கப்பட்டுவிட்டது.’