தூக்கின கை தூக்கினதுதான்

யூட்டா, சான்பீட் வட்டாரம்
மே மாதம், உபவாச ஞாயிறு

மரியாதைக்குரிய மூத்த அண்ணன் லமார் ஓல்ட்ராய்ட் அவர்கள் சமூகத்துக்குத் தம்பி தெயின் எழுதிக்கொள்வது.

பரலோகப் பிதாவின் தயவால் இங்கே நான், ரீவா, என் முழங்கால் வலி மூவரும் பிரியாமல் சேர்ந்தே இருக்கிறோம். அங்கே ஐடஹோவில் குளிர் விட்டு, தாங்களும் டொரீன் அண்ணியும் உருளைக்கிழங்கு நட்டு முடித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் பேசலாமென்றால் என் குரலைக் கேட்டதும் தாங்கள் வைத்துவிடுகிறீர்கள். அண்ணி எடுத்தால் "அவர் தோட்டத்துல இருக்காரு" என்கிறார். பின்னாலேயே தாங்கள் இருமுவது கேட்கிறது. ஆகவே கடிதம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பசியோடு எழுதுவதால் வார்த்தை முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. "மார்மனாகவும் டெமாக்ரட்டாகவும் ஒரே ஆள் இருக்க முடியாது. அந்தப் பதவியை விட்டு விலகு. இல்லாவிட்டால் பிரின்லி கல்யாணத்தில் சாட்சி நாற்காலியில் உனக்கு இணையாக நான் உட்காரமாட்டேன்" என்று அதில் இருந்தது. விசாரிப்பு இல்லை, ஆசீர்வாதம் இல்லை. என் பேத்தி பிரின்லிக்கு ஜூன் மாதம் மாண்டை ஆலயத்தில் திருமணம். சாட்சியாக உட்காரத் தாத்தாவும் பெரிய தாத்தாவும்தான் வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தபோது தாங்கள் போனிலேயே அழுதீர்கள். இப்போது அந்தக் குழந்தையிடம் நான் என்ன சொல்வது? அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழியுங்கள், கிழித்துவிட்டுப் படிக்க வேண்டாம்.

அண்ணா, நான் ஜனநாயகக் கட்சியைத் தேடிப் போகவில்லை. நாற்காலி போடப் போனேன். பனிவாரும் வண்டியிலிருந்து ஓய்வுபெற்றதும் சபையில் எனக்குக் கொடுத்த ஊழியம் மடக்கு நாற்காலி என்பது தங்களுக்குத் தெரியும். ஞானஸ்நானமா, சாவா, விருந்தா, நாற்காலியை விரிப்பதும் மடக்குவதும் நான்தான். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் இரண்டு கட்சிக்கும் வட்டாரக் கூட்டம் இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் நம் குடியரசுக் கட்சி. ஞாயிற்றுக்கிழமை சபையில் பார்க்கிற அதே முகங்கள்தான், கழுத்தில் டை மட்டும் இல்லை. ஊரே அங்கே இருந்தது, நானும் இருந்தேன். அப்போது பக்கத்து வீட்டு கேலன் வந்து, "தெயின், கடைசி ரூம்ல நாற்காலி பத்தலையாம். பெரியவங்கல்லாம் பாலர் வகுப்பு நாற்காலியில உக்காந்திருக்காங்க, பாவம். நாலு கொண்டுபோய்ப் போடேன்" என்றார். "யாரு அங்கே?" என்றேன். "நம்ம அர்வில்லா டீச்சரும் இன்னும் மூணு பேரும்." ஞாயிறு பள்ளி டீச்சர் அர்வில்லா, இடுப்பு எலும்பில் கம்பி வைத்த பெண்மணி, குழந்தை நாற்காலியில் உட்காரலாமா? நான் மூன்று நாற்காலியைப் போட்டுவிட்டு நான்காவதை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது உள்ளே ஏதோ பேச்சு ஆரம்பமாகியிருந்தது. குறுக்கே போவது மரியாதையில்லை என்று கையில் நாற்காலியோடு கதவோரம் நின்றேன். மாதர் சங்கம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

டீச்சர் என்னைப் பார்த்தார். "சகோதரர் தெயின் ஓல்ட்ராய்டை நம்ம வட்டாரத்துக்குத் தலைவரா முன்மொழியறேன். ஆதரிக்கிறவங்க வலது கையைத் தூக்கிக் காட்டுங்க" என்றார். அண்ணா, தங்களுக்குத் தெரியாததா? எட்டு வயதில் தண்ணீரில் முக்கி எடுத்த நாளிலிருந்து நாம் ஞாயிறுதோறும் கேட்கிற வாசகம். யாருக்கு என்ன ஊழியம் கொடுத்தாலும் 'ஆதரிக்கிறவங்க' என்று காதில் விழுந்ததும் கை தானாக எழும். மெர்லின் சித்தப்பா குறட்டை விட்டுக்கொண்டே கை தூக்கியதை நாம் இரண்டு பேரும் பார்த்துச் சிரித்து, அப்பாவிடம் உதை வாங்கவில்லையா? அந்தக் குடும்பத்துக் கைதானே இது. எழுந்துவிட்டது. "எதிர்க்கிறவங்க யாராவது?" என்றார். அந்தக் கேள்விக்கு நம் சபையில் என்றைக்காவது பதில் வந்ததுண்டா? நான்கு பேரும் கைதட்டினார்கள். ஒரு காகிதத்தை நீட்டினார்கள். நாற்காலி வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்து என்று நினைத்துப் போட்டேன். அப்புறம்தான் கரும்பலகையில் 'ஜனநாயகக் கட்சி' என்று எழுதியிருந்ததை வாசித்தேன். "டீச்சர், என்னைப் போய் ஏன்?" என்றேன். "நாங்க நாலு பேரும் மாட்டேன்னுட்டோம். ஒரு ஆளை அனுப்பும் பிதாவேன்னு இப்பதான் ஜெபம் பண்ணி முடிச்சேன். கண்ணைத் திறந்தா நீ நாற்காலியோட நிக்கறே" என்றார்.

மறுநாள் மத்தியானத்துக்குள் வீட்டு வாசலில் மூன்று தட்டு உருளைக்கிழங்கு. சாவு வீட்டுக்குக் கொண்டுபோவோமே, பாலாடைக்கட்டி கொட்டி மேலே கார்ன்ஃப்ளேக்ஸ் தூவி, அதே உருளைக்கிழங்கு. ரீவா தட்டுகளைப் பார்த்துவிட்டு, "என்னங்க, யாரு போயிட்டாங்க?" என்றாள். நான் முதலில் தங்களைத்தான் நினைத்தேன், மன்னிக்கவும். அதற்குள் கேலனின் பெண்சாதி நான்காவது தட்டோடு வந்து ரீவாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனசைத் தேத்திக்கோ ரீவா. இப்பல்லாம் எல்லாக் குடும்பத்துலயும் ஒருத்தர் இப்படி ஆயிடறாங்க." ரீவாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இவருக்கு என்ன, நல்லாத்தானே இருக்காரு?" என்றாள். "சபை வேண்டாம்னு சொன்ன காபியையும் குடிக்க ஆரம்பிச்சிட்டாரா?" "இல்லையே." "அடுத்து அதுதான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். செத்தவன் நான்தான் என்று அப்போதுதான் விளங்கியது. வாரம் பூராவும் என் சாவுச் சாப்பாட்டை நானே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கேலனுக்கு ஜெபம் பண்ணும் முறை. "பிதாவே, எங்களில் வழி தவறிப்போனவர்களை, விசேஷமாகக் கால்வாய் ஓரத்துப் பச்சைக் கூரை வீட்டில் இருக்கிறவர்களை, உம்முடைய மந்தைக்குத் திரும்பக் கொண்டு வாரும்" என்றார். கால்வாய் ஓரத்தில் பச்சைக் கூரை ஒன்றுதான் இருக்கிறது, போன கோடையில் கேலனே ஏணி பிடித்து நான் பூசியது. சபை முழுக்க ஒரே குரலில் ஆமென் சொன்னது. நானும் சொன்னேன். அதுவும் பழக்கம்தான்.

இதற்கு நடுவே என் ஆலய அனுமதிச் சீட்டு காலாவதியாகிவிட்டது. அது இல்லாவிட்டால் பேத்தி உள்ளே மணம் முடிக்க, நான் வெளியே புல்வெளியில் டாலியாப் பூவை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதைப் புதுப்பிக்க பிஷப்பிடம் போனேன். ஊர்க்காரரில் ஒருவரைத்தானே நம் சபை பிஷப்பாக வைக்கும்; இப்போதைய பிஷப் சின்னப் பையன், பல் டாக்டர், தங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்து, "சபைக்கு விரோதமான போதனை எதையாவது ஆதரிக்கிறீங்களா, பிரதர்?" என்றார். "பிஷப், ஒரு காரியம் நடந்துபோச்சு. நான் டெமாக்ரட் ஆயிட்டேன்." அவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். "சரி. அப்புறம்?" "அப்புறம் ஒண்ணுமில்ல, அவ்வளவுதான்." "பிரதர், கட்சிக் கூட்டத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை தலைமையிலேர்ந்து வந்த கடுதாசியை மேடையில வாசிச்சேனே. எந்தக் கட்சியும் சபையோட கட்சி இல்ல, நல்லது எல்லாக் கட்சியிலயும் இருக்குன்னு. கேட்டீங்களா?" "நாற்காலி போட்டுக்கிட்டிருந்தேன், பிஷப்." "அதானே பார்த்தேன்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கடைவாய்ப் பல்லை மட்டும் செவ்வாய்க்கிழமை வந்து காட்டச் சொன்னார். ஆக பிஷப்புக்கு ஆட்சேபம் இல்லை. எங்கேயோ ஐடஹோவில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத்தான் ஆட்சேபம்.

ஆனாலும் நான் விலகிவிடத்தான் இருந்தேன். தங்கள் கடிதம் வந்த அன்றே அர்வில்லா டீச்சர் வீட்டுக்குப் போனேன். பிடித்து நடக்கிற நடைவண்டியை மண்ணில் ஊன்றிக்கொண்டு பட்டாணி விதைத்துக்கொண்டிருந்தார். "டீச்சர், நான் விலகிக்கறேன். அண்ணன் வருத்தப்படறாரு" என்றேன். "தாராளமா விலகு" என்றார், முகத்தைக்கூட நிமிர்த்தாமல். அப்புறம், "என்னை ஞாயிறு பள்ளி டீச்சரா வச்சப்ப நீ கை தூக்கினியே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு." "அப்ப நான் டெமாக்ரட்டுன்னு தெரியுமா?" "தெரியாது." "தெரிஞ்சிருந்தா தூக்கியிருப்பியா?" நான் பட்டாணிப் பையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன். "உன் புள்ளைங்களுக்கு மண்டி போட்டு ஜெபம் பண்ணக் கத்துக்கொடுத்தவ டெமாக்ரட்டுதான், தெயின். இத்தனை வருஷமா வாயைத் திறக்கல. யாராவது வாசல்ல உருளைக்கிழங்கு கொண்டுவந்து வச்சிடுவாங்களோன்னு பயம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது அண்ணா. மிச்சப் பட்டாணியை நான் விதைத்துக் கொடுத்துவிட்டு, விலகுகிற பேச்சைத் திரும்ப எடுக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

அதனால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் விலகப்போவதில்லை. கை தூக்குவதென்றால் என்ன என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது கட்சியா, சபையா? தூக்கினால் தாங்கிப் பிடிக்க வேண்டும், நல்ல நாளிலும் கெட்ட நாளிலும். உங்களை இந்த ஊரில் பிஷப் ஆக்கியபோது நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தூக்கினேன். சின்ன வயதில் ஹேன்சன் வீட்டு வான்கோழிக் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டது யார் என்று எனக்குத் தெரியும்; தெரிந்துதான் தூக்கினேன். அதற்கப்புறம் நீங்கள் பிரசங்கம் பண்ணிப் பண்ணி ஊரையே தூங்க வைத்தபோது, ஜனங்கள் என்னிடம் வந்து முணுமுணுத்தபோது, கையை இறக்கினேனா? எங்கண்ணன் பிஷப் என்றுதான் சொன்னேன். சபையில் அப்பம் வாங்குவது சோத்தாங்கையால், ஆதரிப்பதும் சோத்தாங்கையால். அந்தக் கை போன இடத்துக்கு ஆள் பின்னாலேயே போக வேண்டும். சபையையும் விடமாட்டேன், கட்சியையும் விடமாட்டேன். இரண்டு மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டி உழுது காட்டுகிறேன், கோணலாக உழுதாலும் சரி. நீங்கள் கல்யாணத்துக்கு வராவிட்டால் பிரின்லி அழுவாள், நானும் அழுவேன், அழுதுகொண்டே டெமாக்ரட்டாக இருப்பேன். தூக்கின கை தூக்கினதுதான்.

அண்ணிக்கு என் வணக்கமும் ரீவாவின் அன்பும். தங்கள் இருமல் குணமாகவும் சர்க்கரை இறங்கவும் காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். தங்கள் நிலம் விளையட்டும், கிழங்கில் புழு விழாதிருக்கட்டும், பிள்ளைகுட்டிகள் எல்லாரும் சேமமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
இது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தங்கள் சொல் தட்டாத தம்பி,
தெயின் ஓல்ட்ராய்ட்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை தபால் இல்லாததால் கடிதம் மேசையிலேயே இருந்தது. இன்று திங்கட்கிழமை காலை அர்வில்லா டீச்சர் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் பட்டாணி விதைத்ததற்கு நன்றியாக, அன்றைக்குக் கூட்டத்தில் எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ரீவா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "என்னங்க, இது நொட்டாங்கையில்ல?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். வலது கையில் நாற்காலி இருக்கிறது. மேலே எழுந்து நிற்பது இடது கை. ஆகவே மேலே நான் எழுதிய எதுவும் செல்லாது. நான் அன்றைக்கு யாரையும் ஆதரிக்கவில்லை, என்னையும் சேர்த்து. தாங்கள் கேட்டபடியே நான் தலைவனும் இல்லை ஒன்றும் இல்லை. "அப்பாடா, உங்க அண்ணனுக்கு உடனே போன் பண்ணுங்க" என்றாள் ரீவா. டீச்சர் போட்டோவை மேசையிலேயே விட்டுவிட்டு நடைவண்டியை வாசல் பக்கம் திருப்பினார்.

நான் அவரை நிற்கச் சொன்னேன். "மறுபடியும் கேளுங்க, டீச்சர்" என்றேன். சமையலறையில் நின்றபடியே கேட்டார். என் கையில் நாற்காலி இல்லை. பக்கத்தில் யாரும் கை தூக்கவில்லை. கை தானாக எழவும் இல்லை, அண்ணா. நான்தான் தூக்கினேன், வலது கையை. ரீவா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இனிமே உருளைக்கிழங்கு வந்தா டீச்சர் வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டுத் தானும் கை தூக்கினாள். "எதிர்க்கிறவங்க?" என்று டீச்சர் கேட்டபோது, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஐடஹோவில் இருக்கிறார், ஜூன் மாதம் நேரில் வந்து சொல்வார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆலயத்தில் சாட்சி நாற்காலியை அவர்களே போட்டுவிடுவார்கள். விருந்துக்குப் போடுவது நான்தான். தங்கள் நாற்காலியை என் வலது கைப் பக்கம் போடுகிறேன்.