வடகரைக் கொக்குகளுக்கு ஒன்பது மார்க்

ஒரு காட்டில் தியேட்டர் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். மலையடிவாரத்துக் குகை. நட்டநடுப் பகலிலும் உள்ளே கும்மிருட்டு. எதிரே வழுவழுவென்று ஒரு வெள்ளைப் பாறை. அதில்தான் படம் ஓடும். அங்கே சீட்டுக் காட்டும் வேலை செம்பாயி என்கிற தேவாங்குக்கு. தேவாங்குக்கு வெளிச்சம் ஆகாது, இருட்டு நன்றாகத் தெரியும். டார்ச் லைட் இல்லாமலே எந்த முயலுக்கு எந்த வரிசை என்று கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவாள். வைத்த பிறகு வேறு வேலையில்லை. சுவரில் தொற்றிக்கொண்டு படம் பார்ப்பாள். நாளைக்கு மூன்று காட்சி வீதம் பத்து வருஷம். அந்தக் காட்டில் எடுத்த படம் எதையும் அவள் பார்க்காமல் விட்டதில்லை.

காட்டில் பெரிய படக் கம்பெனிகள் மூன்று. யானையின் மத்தகம் மூவீஸ், புலியின் பாய்ச்சல் பிக்சர்ஸ், முதலையின் மடு டாக்கீஸ். மூவரும் நேரில் பார்த்தால் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். நாலடி தள்ளிப் போனதும் காறித் துப்புவார்கள்.

அந்தக் கோடையில் மூன்று கம்பெனியும் ஒரே நாளில் படத்தை வெளியிட்டன. குகைக்கு வாசல் ஒன்று, வரிசை மூன்று. யானை ரசிகர் மன்றத்துக் காட்டெருமைகள் ஒரு பக்கம், புலி ரசிகர் மன்றத்துச் செந்நாய்கள் ஒரு பக்கம், முதலைக்காக விடியலிலேயே வந்து அழ ஆரம்பித்துவிட்ட காட்டுக்கோழிகள் ஒரு பக்கம். வரிசையில் முள்ளம்பன்றிக்குப் பின்னால் நின்ற மான், "நான் முன்னால நகர மாட்டேன்" என்று சொன்னதில் தகராறு தொடங்கியது. பொழுது சாய்வதற்குள் நாற்பது பேருக்குக் காயம். சிங்கராசாவின் பெரியம்மா வாலை யாரோ மிதித்துவிட்டார்கள்.

மறுநாளே ராசா சபையைக் கூட்டினார்.

"இனிமே வருஷத்துக்கு ஒரு கம்பெனிதான். எது நல்ல கம்பெனியோ, அதுக்கே குகை."

"எது நல்ல கம்பெனின்னு எப்படி ராசா பாக்குறது?" என்று கேட்டார் நரிச் செயலாளர்.

"என் படம் நூத்தி நாப்பது நாள் ஓடுச்சு" என்றது யானை.

"என்னோடது நூத்தி நாப்பத்தோரு நாள்" என்றது புலி.

"என் படம் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு, ஜனங்க மனசுல" என்றது முதலை.

ராசா மீசையைத் தடவிக்கொண்டார். கடைசி நாற்பது நாளும் படம் பார்த்தவை வௌவால்கள் மட்டும்தான் என்பது அவருக்குத் தெரியும். வௌவால்கள் குகையிலேயே குடியிருப்பவை; அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை.

"நாள் கணக்கெல்லாம் வேண்டாம். எதெது பெரிய வெற்றின்னு நீங்களே மார் தட்டுறீங்களோ, அந்தப் படங்களையே எடுத்துப் பாப்போம். அது தரமா இருந்தா கம்பெனியும் தரம்."

நரி அன்றே ஒரு படிவம் அடித்தார். படிவம் பதினொன்று ஆ. ஒவ்வொரு கம்பெனிக்கும் அதிகம் ஓடிய ஐந்து படம். படத்துக்குப் பத்து மார்க். கூட்டி, வகுத்து, சராசரி. ஐந்து படம் இல்லாத கம்பெனிக்கு, இருக்கிற படத்தால் வகுக்க வேண்டும். காட்டில் பதிவு செய்த எல்லாக் கம்பெனிக்கும் இது பொருந்தும் என்று அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி.

மார்க் போடுவது யார்? விமர்சனக் கிளிகள் முன்வந்தன. ஆனால் அவை இடைவேளைக்கு முன்பே வாசலுக்கு வந்து "வேற லெவல்" என்று கத்துகிற கிளிகள். போன வருஷம், எடுக்காமலே கைவிட்ட ஒரு படத்துக்கும் வேற லெவல் என்று சொல்லியிருந்தன. கரடியோ புலி மன்றத்துத் தலைவர். எந்த மன்றத்திலும் பெயர் கொடுக்காத ஒரே ஆள் செம்பாயிதான் என்று கடைசியில் தெரிந்தது.

செம்பாயிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பத்து வருஷத்தில் அவளிடம் "படம் எப்படி?" என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பார்கள்.

மறுநாளே கவனிப்பு தொடங்கியது. யானை ஒரு கறையான் புற்றைத் துதிக்கையால் அடியோடு பெயர்த்து வந்து அவள் மரத்தடியில் வைத்தது.

"ஒண்ணுமில்ல தாயி, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். எங்க அம்மாவுக்கும் உன்னை மாதிரிதான் கண்ணு" என்றது யானை.

புலி வெறுங்கையோடு வந்தது. ஒன்றும் பேசாமல் எதிரே உட்கார்ந்து, வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டது. பல் முழுவதையும் அவள் பார்த்து முடிக்கும் வரை மூடவில்லை. பிறகு எழுந்து போயிற்று.

முதலை வந்து அழுதது. "எனக்குக் குகை வேண்டாம்மா. என்னை நம்பி முந்நூறு குடும்பம் இருக்கு. அதுங்களுக்காகத்தான்" என்று அழுதது. அந்த முந்நூறு குடும்பங்களில் பாதியை அதுவே தின்றிருந்தது.

செம்பாயி கறையானைத் தொடவில்லை. அன்றைக்குப் பட்டினி கிடந்தாள் என்பதையும் சொல்லவேண்டும். நேர்மையாக இருப்பது இதுதான் முதல் தடவை என்பதால் அது இவ்வளவு பசிக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

படங்களைப் பார்க்க உட்கார்ந்தாள். எல்லாம் பார்த்த படங்கள்தான். ஆனால் கையில் படிவத்தை வைத்துக்கொண்டு பார்க்கும்போது வேறு மாதிரி இருந்தது.

மத்தகம் மூவீஸின் ஆகப்பெரிய வெற்றி 'பிளிறு'. நாயகன் பதினேழு மலைகளை முட்டிச் சாய்க்கிறான். பதினெட்டாவது மலையை முட்டப் போகும்போது அந்த மலைதான் தன் தாய் என்று தெரியவருகிறது. மலை எப்படி யானையைப் பெற்றது என்று படத்தில் யாரும் கேட்கவில்லை. 'பிளிறு' ஓடியதால் அடுத்த நான்கு படத்திலும் மலை வந்தது.

பாய்ச்சல் பிக்சர்ஸின் 'ஒரே தாவல்' படத்தில் நாயகன் இடைவேளைக்கு முன் ஒரு பாறையிலிருந்து தாவுகிறான். இடைவேளை முடிந்து எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் தரையில் இறங்குகிறான். நடுவில் காற்றிலேயே ஒரு பாட்டு.

மடு டாக்கீஸின் 'கண்ணீர் மடு' வெள்ளத்தில் பிரிந்த அண்ணன் தங்கை கதை. வாலில் இருக்கிற மச்சத்தை வைத்துக் கடைசியில் சேருகிறார்கள். ஐந்து படத்திலும் அதே வெள்ளம், அதே வால், அதே மச்சம். ஒரே ஒரு படத்தில் மட்டும் மச்சம் இடது பக்கம்.

செம்பாயிக்கு வெட்கமாக இருந்தது. இந்தப் படங்களுக்கெல்லாம் அவள் சிரித்திருக்கிறாள், அழுதிருக்கிறாள், 'ஒரே தாவல்' படத்துக்கு விசில்கூட அடித்திருக்கிறாள். இன்னொன்றும் உறுத்தியது. இதே யானை ஆரம்பத்தில் சின்னதாக ஒரு படம் எடுத்திருந்தது. கூட்டத்தைப் பிரிந்த கிழட்டு யானையைப் பற்றிய படம். மலையும் கிடையாது, முட்டலும் கிடையாது. நாலே நாளில் தூக்கிவிட்டார்கள். அதற்கு மார்க் போடலாமா என்று நரியிடம் போய்க் கேட்டாள்.

"அது ஓடலையேம்மா" என்றார் நரி.

"ஆனா நல்லா இருந்துச்சுங்க."

"நல்லா இருந்ததுக்குப் படிவத்துல கட்டம் இல்ல."

கூட்டி வகுத்துப் பார்த்தாள். யானைக்கு மூன்று. புலிக்கு மூன்று. முதலைக்கு மூன்று சொச்சம். ஒரு படத்தில் மழை நன்றாகப் பெய்திருந்தது. ஆக, குகை முதலைக்கு. ஒரு வருஷம் முழுக்க, நாளைக்கு மூன்று காட்சி அந்த மச்சத்தைப் பார்க்கவேண்டும். வேறு வழி இருக்கிறதா என்று படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் அடியில் இருந்த சின்ன எழுத்து கண்ணில் பட்டது.

பதிவு செய்த நாலாவது கம்பெனி ஒன்று இருந்தது. மழைமுத்து என்கிற நத்தையின் கம்பெனி. எடுத்தது மொத்தமே ஒரு படம், 'வடகரைக் கொக்குகள்'. ஏரி வற்றிவிடுகிறது. கூட்டம் கிளம்புகிறது. கணவன் கொக்குக்கு இறக்கை ஒடிந்திருக்கிறது. மனைவி போயாக வேண்டும். மிச்சமிருக்கும் மூன்று நாளும் இருவரும் அற்ப விஷயங்களுக்குச் சண்டை போடுகிறார்கள். மீனை யார் முதலில் பார்த்தது என்று. எந்தக் காலில் நிற்பது சுகம் என்று. பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் காலை அவள் பறந்துபோகிறாள், அவன் மற்றக் காலுக்கு மாறி நிற்கிறான். படம் முடிந்தது. ஒரே காட்சிதான் ஓடியது. எட்டுப் பேர் பார்த்தார்கள். அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். செம்பாயி அதற்குப் பிறகு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

ஒரு படம் இருந்தால் ஒன்றால் வகுக்கவேண்டும். அவள் ஒன்பது போட்டாள். பத்து போட்டிருப்பாள், நத்தைக்குத் தலைக்கேறிவிடும் என்று ஒன்றைக் குறைத்தாள்.

சபையில் நரி முடிவைப் படித்தபோது முதலை அழ மறந்துபோயிற்று. யானை காதை ஆட்டுவதை நிறுத்திவிட்டது.

"எட்டுப் பேர் பாத்த படம் பெரிய வெற்றியா?" என்றது புலி.

"அந்தக் கம்பெனிக்கு அதாங்க பெரிசு" என்றாள் செம்பாயி.

ராசா சட்டப்புத்தகத்தைப் பார்த்தார், நரியைப் பார்த்தார். படிவம் அடித்த நரி தரையைப் பார்த்தார். குகை நத்தைக்குப் போயிற்று.

மழைமுத்து செம்பாயியிடம் வந்து நன்றி சொல்ல ஒன்பது நாள் ஆயிற்று. பக்கத்து மரம்தான், நத்தை அல்லவா. "நான் நல்லா எடுத்திருக்கேன்னு எனக்கே தெரியாதும்மா. இப்பத்தான் தெரிஞ்சுது" என்றது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

'வடகரைக் கொக்குகள்' மறுபடியும் திரைக்கு வந்தது. முதல் நாள் முந்நூறு பேர் வந்தார்கள். இரண்டாம் நாள் முப்பது. நாலாம் நாள் வௌவால்கள் கூடக் கண்ணை மூடிக்கொண்டு தொங்கின. வெளியே காட்டெருமைகள் வேலையில்லாமல் மரங்களை முட்டிக்கொண்டிருந்தன. ராசா ஆள் அனுப்பினார்: சீக்கிரம் புதுப் படம் வேண்டும், காட்டில் அமைதி கெடுகிறது.

நத்தை யோசித்தது. யானையும் புலியும் முதலையும் சும்மாதான் இருந்தார்கள். மூவரும் சேர்ந்து அதைப் பார்க்கப் போனார்கள்.

"உங்க கதைதாங்க தெய்வம். நாங்க பின்னால நின்னு கொஞ்சம் தள்ளிவிடுறோம், அவ்வளவுதான்" என்றது யானை.

மூன்றே மாதத்தில் 'வடகரைக் கொக்குகள் - 2: அலகரசன்' வந்தது. கணவன் கொக்குக்கு ஒடிந்த இறக்கைக்குப் பதில் இரும்பு இறக்கை. கூட்டத்தைப் பிரித்த பருந்துப் படையைத் தேடிப் போகிறது. பதினேழு மலை சாய்கிறது. காற்றில் ஒரு தாவல், காற்றிலேயே ஒரு பாட்டு. கடைசியில் வாலில் இருக்கும் மச்சத்தை வைத்து மனைவியைக் கண்டுபிடிக்கிறது. செம்பாயி பத்து வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணை மூடிக்கொண்டாள். படம் இருநூற்றுப் பன்னிரண்டு நாள் ஓடியது. இந்தத் தடவை நிஜமான கூட்டம்.

இருநூறாவது நாள் விழாவில் நத்தையைப் பல்லக்கில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ஓட்டுக்குத் தங்க முலாம் பூசியிருந்தது. செம்பாயி கூட்டத்தில் நுழைந்து அதன் பக்கத்தில் போனாள்.

"ஏன் மழைமுத்து இப்படிப் பண்ணீங்க?"

நத்தை உண்மையாகவே ஆச்சரியப்பட்டது. "நீங்கதானேம்மா ஒம்பது போட்டீங்க? நீங்க மட்டும் போடலேன்னா நான் அந்த ஒரு படத்தோட நின்னிருப்பேன். என் வாழ்க்கைக்கே நீங்கதான் காரணம்."

பல்லக்கு நகர்ந்தது. அவள் வீட்டுக்கு வந்து வெகுநேரம் கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

அடுத்த கோடையிலும் மார்க் போட அவளையே கூப்பிட்டார்கள். இந்தத் தடவை புதிதாக ஒரு கம்பெனி பதிவு செய்திருந்தது. வேலம்மை என்கிற ஓணான். ஒரு படம்தான். எறும்பு வரிசையிலிருந்து ஓர் எறும்பு விலகி நிற்கிறது. ஏன் நின்றாய் என்று மற்ற எறும்புகள் கேட்டுக்கொண்டே போகின்றன. அதற்குப் பதில் தெரியவில்லை. அவ்வளவுதான் கதை. செம்பாயி தனியாக உட்கார்ந்து பார்த்தாள். கொக்குப் படத்தைவிட நல்ல படம். வெள்ளைப்பாறை வெறுமையான பிறகும் அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

வேலம்மை வாசலில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"எப்படிங்க இருக்கு அக்கா?"

செம்பாயி அவள் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில் யானையும் புலியும் முதலையும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதையும் பார்த்தாள்.

"சுமார்தாம்மா" என்றாள். "உனக்கு இது சரிப்படாது. வேற வேலை ஏதாவது பாரு."

படிவத்தில் இரண்டு மார்க் போட்டு, மை காயும் வரை ஊதினாள். மரத்தடியில் நின்ற மூவரும் கலைந்து போனார்கள். வேலம்மை அழுதுகொண்டே வேலியேறிப் போனாள். அதற்குப் பிறகு அவள் ஒரு படமும் எடுக்கவில்லை. அந்த ஒரு படம் அப்படியே நல்ல படமாக இருக்கிறது.

நீதி: ஒரு படம் உண்மையிலேயே நல்ல படம் என்றால் வாயைத் திறந்து சொல்லிவிடாதே; அதற்கு இரண்டாம் பாகம் வந்துவிடும்.